பிசுவெர்கா ஆற்றங்கரைச் சத்திரம்: பழைய ஆலயத்துக்குள் கட்டில் போடும் முன்

வட ஸ்பெயினில் காஸ்ட்ரோஹெரிஸ் ஊரைக் கடந்து மேற்கே போகும் திருப்பயணப் பாதை, மொஸ்தெலாரெஸ் மேட்டில் ஏறி, மறுபுறம் இறங்கி, கோதுமை வயல்களுக்கு நடுவே பிசுவெர்கா ஆற்றை நோக்கி நீள்கிறது. ஆற்றின் குறுக்கே பதினொரு வளைவுகள் கொண்ட பழைய கல்பாலம். இந்தப் பக்கம் பூர்கோஸ் மாகாணம், அந்தப் பக்கம் பலென்சியா. பாலத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால், எந்த ஊரையும் ஒட்டாமல் தனியே நிற்கிறது சான் நிக்கோலாஸ் என்ற சிறிய கல் ஆலயம்.

தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்கும் திருத்தூதரின் கல்லறையைத் தேடி சாந்தியாகோ நகருக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்கு 12-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஓர் அடைக்கலம் இருந்தது. இப்போது நிற்கும் கட்டடம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலப்போக்கில் அது கைவிடப்பட்டுச் சிதைந்தது. இத்தாலியில் பெருஜியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சந்தியாகப்பர் சகோதர சபை அதை எடுத்துப் பழுது பார்த்து, மறுபடியும் சத்திரமாக்கியது. ஒரு இரவுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பேர் தங்கலாம். கட்டணம் கிடையாது, உண்டியல்தான். வெயில்கால மாதங்களில் மட்டும் திறந்திருக்கும்.

ஆலயத்துக்குள் மின்சாரம் இல்லை. கழிப்பறையும் குளியலறையும் பின்னால் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு மெழுகுவத்தி வெளிச்சத்தில். இதைப் பார்க்கிறவர்கள் பழமையின் அழகுக்காகச் செய்தது என்று நினைப்பார்கள். அழகு உண்மைதான். ஆனால் பழைய வழிபாட்டுக் கட்டடங்களைத் தங்குமிடமாக மாற்றுகிற வேலையில் எடுக்கக்கூடிய மிகச் சரியான முடிவு அது என்பது என் உறுதியான கருத்து. எதை உள்ளே கொண்டுவருவது என்று யோசித்துத் தொடங்குகிறவர்கள் கட்டடத்தைக் கெடுக்கிறார்கள். எதை வெளியே நிறுத்துவது என்று முதலில் தீர்மானிக்கிறவர்கள் காப்பாற்றுகிறார்கள். வெளியே நிறுத்த வேண்டிய முதல் பொருள் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூங்கும் மனிதர் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறார். பன்னிரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இதைத் தவிர்க்க முடியாது, தங்க வைப்பது என்றாலே இதுவும் சேர்ந்ததுதான். இதன்மேல் குளியலறை ஆவி, சமையல் ஆவி, கொடியில் தொங்கும் ஈரத்துணி என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த நீரெல்லாம் எங்கே போகும்? குளிர்ந்த சுவருக்குத்தான். 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் கோர்க்கும். முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் பருமனுள்ள கல்சுவர் மே மாதத்திலும் குளிர்காலக் குளிரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். இரவில் நனைந்து பகலில் காய்வது தொடர்ந்தால் கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, மேற்பரப்புக்கு வந்து, அங்கே படிகமாகி, கல்லின் தோலை மாவாக உதிர்க்கும். சுவரோரம் தரையில் வெள்ளைப் பொடி கிடந்தால் அதுதான் காரணம். பெருக்கித் தள்ளிவிட்டால் தீராது.

குளிருக்கு காஸ் ஹீட்டர் வைப்பது இந்த இடத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே வந்து சேரும். சூடாக்கிய காற்று உயரே கூரைக்குப் போய்விடும், ஆள் குளிரிலேயே இருப்பார், சுவர் மட்டும் நனையும். கனமான கம்பளி ஆளுக்கு இரண்டு கொடுப்பது மலிவு, பாதுகாப்பு, கட்டடத்துக்கும் நல்லது. குளிர்காலத்தில் மூடி வைப்பது அதைவிட நல்லது.

காற்றோட்டத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வசந்த காலத்தில் வெளியே வெதுவெதுப்பாக, மழை ஈரத்தோடு இருக்கும் மதியத்தில் “நன்றாகக் காயட்டும்” என்று எல்லாக் கதவையும் திறந்து வைப்பார்கள். அந்த ஈரக்காற்று உள்ளே குளிர்ந்த கல்லைத் தொட்டு வியர்க்கும். திறக்க வேண்டியது அதிகாலையில், திருப்பயணிகள் கிளம்பிப் போகும் நேரத்தில். மேட்டுநிலத்து விடியற்காலைக் காற்று குளிராக இருந்தாலும் அதில் இருக்கும் நீர் குறைவு. இரவில் சேர்ந்த நான்கு லிட்டரையும் அதுதான் வெளியே கொண்டுபோகும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஈரமானியும், சுவரின் வெப்பத்தை அளக்க ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானியும் வாங்கி வைத்தால் ஊகிக்கவே வேண்டாம்.

அடுத்தது சுவர். கைவிடப்பட்ட கிராமத்து ஆலயங்களில் கடைசியாக யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த பழுது பெரும்பாலும் சிமெண்ட் பாயிண்டிங்காகத்தான் இருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாம்பல் நிறத்தில் கெட்டியான கோடு. அருகில் போய்ப் பார்த்தால் கதை தெரியும்: சிமெண்ட் கோடு அப்படியே முழுசாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதன் இரு பக்கமும் கல் குழிந்து பின்வாங்கியிருக்கும். விரலால் தேய்த்தால் கல் மணலாக வரும். சுவருக்குள் போன ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறியதன் விளைவு இது. சந்தில் உள்ள காரை எப்போதும் கல்லைவிட மிருதுவானதாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சந்து, கல் அல்ல. சந்தை நூறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

எனவே சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைப்பது. எடுக்கும்போது உளியும் சுத்தியும் மட்டுமே. கிரைண்டர் வைத்தால் ஒரு நாளில் முடியும் வேலை என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அந்தத் தகடு கல்லின் விளிம்பில் வெட்டும் கோடு பிறகு எந்தக் காலத்திலும் மறையாது. சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர் தோண்ட வேண்டும். மேலோட்டமாகப் பூசியது முதல் உறைபனியிலேயே பெயர்ந்து விழும். தோண்டிய சந்தைத் தூசி போகக் கழுவி, ஈரமாக வைத்துக்கொண்டு காரையை அழுத்தி நிரப்ப வேண்டும். தண்ணீர் பட்டு இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பில் 2, 3.5, 5 என்று வலிமை வாரியாக வகைகள் உண்டு. சாதாரண சுவருக்கு 3.5 போதும், கல் மிகவும் மிருதுவாக இருந்தால் 2. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூர்மணல், பொடியும் பருமணலும் கலந்ததாக. கட்டைவிரலால் அழுத்தினால் பதியாத பதத்துக்கு வந்ததும் முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்தி மேற்பரப்பைத் திறந்துவிட வேண்டும். பிறகு ஈரச்சாக்குத் தொங்கவிட்டுச் சில நாள் காய விடாமல் காக்க வேண்டும். காஸ்டில்லா வெயிலில் சாக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், நனைக்க ஓர் ஆள் தனியாக வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. நம் ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் காரை அரைத்த கொத்தனார்களுக்கு இதில் பெரும்பகுதி புதிதல்ல. பொருள் வேறு, கைப்பக்குவம் ஒன்றுதான்.

தரையில் கைவைப்பதற்கு முன் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். இடைக்கால ஆலயத்தின் பாவுகல்லுக்கு அடியில் புதைக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். குழாய் பதிக்க நாற்பது சென்டிமீட்டர் தோண்டினாலும் எலும்பு தட்டும், தொல்லியலாளர் வந்து பதிவு செய்யும் வரை வேலை நிற்கும். தண்ணீர்க் குழாயை ஆலயத்துக்குள் கொண்டுவராமல் இருப்பதற்கு இது இரண்டாவது காரணம். பாவுகல் உடைந்து, புதுத் தரை தவிர்க்க முடியாது என்றால் பிளாஸ்டிக் விரிப்பும் கான்கிரீட்டும் வேண்டாம். அடியில் இருந்து எழும் ஈரம் நடுவில் வழியடைபட்டு ஓரத்துக்கு நகர்ந்து சுவரில் ஏறும். முன்பு ஈரமே இல்லாத சுவர் திடீரென்று முழங்கால் உயரம் நனையத் தொடங்கும். நுரைபோல் காற்றறைகள் நிறைந்த கண்ணாடித் துண்டுகளான நுரைக்கண்ணாடிச் சில்லுகளை 150 முதல் 200 மில்லிமீட்டர் பரப்பி, அதன்மேல் 100 மில்லிமீட்டர் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு, பழைய கற்களையே திரும்பப் பாவினால் தரை மூச்சு விடும், பாதமும் அவ்வளவாகச் சில்லிடாது.

கூரைக்கு அந்தப் பகுதியில் அரைவட்ட மண்ணோடுதான். நல்ல வேலைக்காரர்கள் புது ஓட்டை மல்லாத்தி நீர் ஓடும் வரிசையில் வைப்பார்கள், பழைய ஓட்டைக் கவிழ்த்து மேலே வைப்பார்கள். ஒழுகாத பலமும் கிடைக்கும், பார்வைக்குப் பழைய நிறமும் இருக்கும். ஓடு இறக்கும்போது கைமரங்களின் நுனி, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தைக் கத்தியால் குத்திப் பார்க்காமல் விடக்கூடாது. நடுவில் இரும்புபோல் இருக்கும் மரம் நுனியில் பஞ்சாக இருப்பது வழக்கம். ஓட்டுக்கு அடியில் நுரை தெளித்து அடைப்பதை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம். ஒழுகல் எங்கே என்று தெரியாமல் போகும், தெரியவரும்போது கைமரம் போயிருக்கும்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பெயினின் 1985-ஆம் ஆண்டு 16-ஆம் எண் பாரம்பரியச் சட்டம், பழையதைப் போலவே புதிதாகக் கட்டிச் சேர்ப்பதை ஏற்பதில்லை. சேர்க்க வேண்டிய பாகம் சேர்த்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருப்பயணப் பாதை 1993 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருப்பதால் பாதையோரக் கட்டடத்தில் ஜன்னல் ஒன்று மாற்றுவதற்கும் பிராந்திய அரசின் பாரம்பரியக் குழு பார்க்கும். மறைமாவட்டத்தின் பக்கம், ஆலயத்தை வழிபாட்டிலிருந்து விலக்கி வேறு பயன்பாட்டுக்கு விடுவதானால் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் விதி பொருந்தும். ஆயர், குருக்கள் மன்றத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம், ஆனால் புதிய பயன்பாடு இழிவானதாக இருக்கக்கூடாது. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதைவிட அந்த விதிக்குப் பொருத்தமான வேறு பயன்பாடு எனக்குத் தெரியவில்லை. நடைமுறையில் சொத்து திருச்சபையிடமோ ஊராட்சியிடமோ இருக்கும், சத்திரம் நடத்தும் அறக்கட்டளைக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். ஐந்து வருஷ உரிமைக்குக் கூரை மாற்றாதீர்கள். போடும் பணத்துக்கு ஏற்ற நீண்ட கால ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு சாரம் கட்டலாம்.

இனி வெளியே நிறுத்திய தண்ணீருக்கு வருவோம். குளியலறைக் கட்டடத்தை ஆலயச் சுவரில் சாய்க்காமல், இறவாரத்து நீர் படாத தூரத்தில் தனியே கட்ட வேண்டும். வெந்நீர்க் கணக்கில்தான் பல சத்திரங்கள் தவறுகின்றன. விடுதிகளில் காலையும் மாலையுமாகக் குளியல் பிரியும். திருப்பயணிகள் எல்லோரும் மதியம் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் தூசியும் வியர்வையுமாக வந்து சேர்ந்து, வந்த உடனே குளிப்பார்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் விடும் பூவாளியில் ஐந்து நிமிடம் என்றால் ஆளுக்கு 40 லிட்டர், பன்னிரண்டு பேருக்கு 480. குளிக்கும் நீர் 38 டிகிரி, கிணற்று நீர் 12 டிகிரி, தொட்டி நீர் 60 டிகிரி என்று வைத்தால் அதில் 260 லிட்டர் தொட்டியிலிருந்து வர வேண்டும். ஆகவே 300 லிட்டர் தொட்டி. லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டியை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். தொட்டி முழுவதையும் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 யூனிட் மின்சாரம் ஆகும். கோடையில் சூரிய வெந்நீர்த் தகடு இதில் பெரும்பங்கைத் தாங்கும். தகட்டை ஆலயக் கூரையில் வைக்க யாரும் அனுமதிக்கப் போவதில்லை, இந்தத் தனிக் கட்டடத்தின் கூரையில் வைத்துவிடலாம். துணி துவைக்கும் தொட்டியும் கொடியும் அங்கேயே, வெயிலில். ஆலயத்துக்குள் ஈரத்துணி வரக்கூடாது என்ற விதியை மட்டும் கனிவாக, விட்டுக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

கட்டில்களைச் சுவரில் அடிக்கக் கூடாது, சுவரைத் தொடவும் கூடாது. ஒரு சாண் இடைவெளி காற்றுக்கும் வேண்டும், மூட்டைப்பூச்சி சோதனைக்கும் வேண்டும். மூட்டைப்பூச்சி இந்தப் பாதையின் நிரந்தரப் பிரச்சினை. அது அழுக்கால் வருவதில்லை, முதுகுப்பையில் ஏறி முந்தைய ஊரிலிருந்து வருகிறது. அதனால் அடுக்குக் கட்டில் மரத்தில் வேண்டாம், வழவழப்பான இரும்புக் குழாயில் இருக்கட்டும், குழாய் முனைகள் மூடியிருக்கட்டும். மரத்தின் ஒவ்வொரு பிளவும் அதற்கு வீடு. மெத்தைக்கு வெளிர்நிற உறை, பையைக் கட்டில்மேல் வைக்கத் தடை, தினமும் தையல் ஓரங்களில் டார்ச் அடித்துப் பார்ப்பது. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கே அந்தக் கட்டிலை ஒதுக்கி, துணி அனைத்தையும் 60 டிகிரியில் துவைக்க வேண்டும். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஒருமுறை மருந்து அடித்துவிட்டு முடிந்தது என்று இருக்கக்கூடாது, இரண்டு வாரத்துக்குள் மறுமுறை பார்க்க வேண்டும்.

மெழுகுவத்தி உள்ள இடத்தில் தீயைப் பற்றிக் கறாராக இருப்பது அவசியம். சுடர் சாப்பாட்டு மேசையிலும் பலிபீடத்திலும் மட்டும், கட்டில் பக்கம் டார்ச்தான். திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, காற்று அலைக்காத இடத்தில் வைத்தால் புகை குறையும். அலையும் சுடர்தான் வளைவுகளைக் கறுப்பாக்குகிறது. பேட்டரியில் ஓடும் புகை உணரிகள், இரண்டு தீயணைப்பான்கள். பழைய ஆலயங்களின் கதவு உட்பக்கமாகத் திறக்கும், அவசரத்தில் கூட்டம் அதன்மேல் சாய்ந்தால் திறக்க முடியாது. கதவை மாற்ற முடியாது என்பதால் ஆள் எண்ணிக்கையைக் குறைவாக வைப்பதும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ் பொருத்துவதும்தான் வழி. பன்னிரண்டு என்ற எண்ணுக்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு. இடம் இருக்கிறதே என்று இன்னும் நான்கு கட்டில் போடச் சொல்லிக் கோடையில் எல்லோரும் கேட்பார்கள்.

நடத்துகிறவர்கள் ஒஸ்பிடலேரோ எனப்படும் தொண்டர்கள். பொதுவாகத் தாங்களே அந்தப் பாதையில் நடந்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள், இரண்டு வாரம் இருந்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துப் போகிறவர்கள். சம்பளம் இல்லை. இதே பாதையில் உள்ள ரபனால் ஊரில் பழைய பங்குக் குருவின் வீட்டைச் சீரமைத்து 1991-இல் சத்திரமாகத் திறந்த லண்டன் சந்தியாகப்பர் சபையும் இதே முறையில்தான் நடத்துகிறது. இரண்டு வாரம் என்ற அளவு சரியானது. அதற்குக் குறைந்தால் கட்டடம் பிடிபடாது, கூடினால் தினமும் பன்னிரண்டு புது முகங்களை முகம் கோணாமல் வரவேற்கத் தெம்பு இருக்காது. ஆனால் ஆள் மாறும்போது கட்டடத்தைப் பற்றிய அறிவு போய்விடும் அபாயம் உண்டு. எந்த வால்வு எதை மூடும், எந்த ஓடு போன வருஷம் நகர்ந்தது, எந்தக் கட்டிலில் பூச்சி இருந்தது என்பதெல்லாம் ஒரு தடித்த நோட்டில் இருக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியில் இருந்தால் அடுத்தவருக்குக் கிடைக்காது.

சான் நிக்கோலாஸில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நடப்பதை இங்கே சொல்ல வேண்டும். திருப்பயணிகள் பலிபீடத்துக்கு முன்னால் அரைவட்டமாக உட்காருவார்கள். தொண்டர்கள் திருப்பயணத்தின் சின்னமான சிப்பி தைத்த குட்டை அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, ஒரு பாதத்தில் குடத்து நீரை ஊற்றிக் கழுவித் துடைத்து முத்தமிடுவார்கள். கொப்புளம் வெடித்த பாதம், பிளாஸ்திரி ஒட்டிய பாதம், நகம் கறுத்த பாதம். வங்கி அதிகாரி, மாணவர், நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே குடம். ஆலயத்துக்குள் வரும் தண்ணீர் அநேகமாக அவ்வளவுதான்.

பணம்: உண்டியலில் போடுவது சோற்றுக்கும் மெழுகுக்கும் சோப்புக்கும் போதும், நல்ல பருவத்தில் கொஞ்சம் மிஞ்சும். ஓட்டுக்கும் காரைக்கும் அது போதாது. கட்டட நிதியைச் சபையின் உறுப்பினர் சந்தாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் தனியாகச் சேர்க்க வேண்டும், இரண்டு கணக்கையும் கலக்கக் கூடாது. கலந்தால் ஒரு மோசமான கோடைக்காலம் கூரை நிதியைச் சாப்பிட்டுவிடும். பெட்டியைச் சுவரில் துளையிட்டு மாட்டாமல் கனமான மேசையில் போல்ட் போட்டு முடுக்கலாம். தினமும் இரவு இரண்டு பேர் சேர்ந்து எண்ணி எழுத வேண்டும். கிரானோன் ஊரின் ஆலயச் சத்திரத்தில், முடிந்ததைப் போடு, தேவையானதை எடுத்துக்கொள் என்று எழுதித் திறந்தே வைத்திருக்கும் பெட்டி பாதை முழுக்கப் பெயர் பெற்றது. நிலையான பங்குச் சமூகம் பின்னால் நிற்கும் இடத்தில் அது நடக்கிறது. ஆளில்லாத வயல் நடுவில் தொடங்குகிறவர்கள் மூடிய பெட்டியோடு தொடங்குவதே நல்லது.

இங்கிலாந்தில் வேறொரு வழி உண்டு. வழிபாடு நின்ற ஆலயங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று 2014-இல் ஆல்ட்விங்கிள் ஊரின் ஆலயத்தில் தொடங்கி, ஒரு குழுவுக்கு ஒரு இரவு முழு ஆலயத்தையும் கட்டணத்துக்கு விடுகிறது. மடக்குக் கட்டில், பேட்டரி விளக்கு, பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். சுவரில் ஓர் ஆணிகூட இல்லாமல் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் முன்பதிவு செய்த ஒரு குடும்பத்துக்கு விடுவதும், நடந்து வந்து கதவைத் தட்டுகிறவருக்குக் கேள்வி கேட்காமல் இடம் கொடுப்பதும் ஒன்றல்ல. சத்திரம் என்றால் எனக்கு இரண்டாவதுதான்.

பருவம் முடிந்து மூடும்போது வரிசை முக்கியம். முதலில் கம்பளியும் உறையும் துவைத்து முழுக்கக் காயவைத்து மூடிய பெட்டிக்குள். மெத்தைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல். பிறகு வெளிக்கட்டடத்தின் குழாய் அனைத்திலும் நீரை வடித்து, வால்வுகளைத் திறந்தே விட்டுவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் ஒரு குவளை மிஞ்சினாலும் ஜனவரி உறைபனியில் பீங்கான் வெடிக்கும். செப்டிக் டேங்கை வருஷக் கடைசியில் பார்த்துவிட்டால் திறக்கும் வாரத்தில் அவசரமாக லாரி தேட வேண்டியிருக்காது. ஆலயத்தின் உயர ஜன்னல்களில் பறவை வலை மாட்டி, எதிரெதிராக இரண்டை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். இறுக மூடிய ஆலயம் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கடைசியாக, முதல் பெரிய மழைக்குப் பிறகு உள்ளே வந்து தரையை ஒரு சுற்றுப் பார்ப்பதற்கு ஊரில் ஒருவரிடம் சாவி. நகர்ந்த ஓடு ஒன்றை நவம்பரில் ஏணி வைத்து மறுபடி அதன் இடத்துக்குத் தள்ளிவிடலாம். வசந்தத்தில் பார்த்தால் அடியில் உள்ள கைமரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.